பட்டாளத்தில் மாண்டவரின் தடம் தேட: வேலூர், சித்தூர் எல்லைக் கிராமங்களுக்கு ஒரு வழிகாட்டி

குடியாத்தம், திருத்தணி, சித்தூர், பலமநேர், குப்பம் பக்கத்தில் பட்டாளத்துக்கு ஆள் போகாத ஊர் குறைவு. போய்த் திரும்பாதவரைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வரி: "பஸ்ரா பக்கம் போனவர் வரவே இல்லை", "பர்மாவில் செத்தாராம்". படைத்தளபதிகளைப் பற்றி எழுத ஆள் இருந்தது. சிப்பாய்க்குக் கிடைத்தது ஒரு எண்ணும், பதிவேட்டில் ஓர் இடமும்தான். ஆனாலும் அந்த எண்ணும் படைப்பிரிவும் கைக்கு வந்துவிட்டால், அவர் எந்தக் கப்பலில் போனார், கடைசி வாரத்தில் எங்கே இருந்தார் என்பதுவரை போகலாம். பெயரை மட்டும் வைத்துக்கொண்டு கிளம்பினால் வேறு யாரோ ஒரு முனிசாமியிடம் போய் நிற்பீர்கள்.

முதலில் டிரங்குப் பெட்டி

மெடல் இருந்தால் அதைத் துலக்காதீர்கள். முதல் உலகப் போரின் வட்ட மெடல்களில் விளிம்பைச் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். 1914-15 ஸ்டார் என்ற நட்சத்திர வடிவ மெடலில் இவை பின்பக்கத்தில் இருக்கும். புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்தே பல வீடுகளில் எழுத்து மழுங்கிவிட்டது. மங்கலாக இருந்தால் இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, மெடலை மெல்லத் திருப்பியபடி சிறு துண்டுகளாகப் போட்டோ எடுங்கள். நேராக ஒளி பட்டால் எழுத்து தெரியாது.

மெடலின் உலோகமும் ஒரு தகவல்தான். பிரிட்டிஷ் வார் மெடல் சிப்பாய்களுக்கு வெள்ளியில் கொடுக்கப்பட்டது. தொழிலாளர் படை, சுமைகூலிப் படை ஆட்களுக்கு வெண்கலத்தில் கொடுத்தார்கள். உங்கள் வீட்டில் இருப்பது வெண்கலம் என்றால் துப்பாக்கிப் பட்டாளங்களில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். சுமார் 12 செ.மீ. அகலத்தில் கனமான வட்ட வெண்கலத் தகடு இருந்தால், அது இறந்தவரின் குடும்பத்துக்கு வந்தது. அதில் பெயர் மட்டுமே இருக்கும். எண்ணை வேறெங்காவதுதான் தேட வேண்டும்.

மணியார்டர் கூப்பன், பென்ஷன் புத்தகம், கடித உறை என எதையும் விடாதீர்கள். மடிப்பில் கிழிந்த தாளை லேமினேட் செய்யக் கூடாது. போட்டோ எடுத்துக்கொண்டு, தாளை மடிக்காமல் உறையில் வையுங்கள்.

பெரியவர்களிடம் "எந்த ரெஜிமென்ட்?" என்று கேட்டால் பதில் வராது. "பாட்டி, தாத்தா முதலில் எந்த ஊரில் டிரெயினிங்கில் இருந்தார்? லீவுக்கு எந்த ரயிலில் வந்தார்?" என்று கேளுங்கள். பெங்களூர் என்றால் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையாகவோ, ஏ.எஸ்.சி. என்ற வழங்கல், போக்குவரத்துப் படையாகவோ இருக்கலாம். வெலிங்டன் என்றால் மெட்ராஸ் ரெஜிமென்ட்; இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அதன் பயிற்சி மையம் கோயம்புத்தூர் அருகே மதுக்கரையில் இருந்தது. நாசிக் பீரங்கிப் படைக்கும், ஜபல்பூர் சிக்னல்ஸ் என்ற தகவல்தொடர்புப் படைக்கும் அடையாளம்.

எல்லை மாறிய ஊர்கள்

நம் பக்கத்துத் தேடல்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். சித்தூர் மாவட்டம் 1911இல், வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்து அமைக்கப்பட்டது. 1953இல் அது ஆந்திராவோடு போனது. 1960இல் திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சத்தியவேடு அந்தப் பக்கம் போனது. ஆகவே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமத்தவர் 1917இன் பதிவில் சித்தூர் மாவட்டம் என்றும், அவருடைய அப்பா அதற்கு முந்தைய பதிவில் வட ஆற்காடு என்றும் இருப்பார். ஊர், தாலுகா, மாவட்டம் மூன்றையும் இறந்த ஆண்டில் எப்படி இருந்தனவோ அப்படி ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடுங்கள்.

பெயரும் அப்படித்தான். தெலுங்கு எழுத்தர் வீட்டுப் பெயரை முன்னால் போடுவார், தமிழ் எழுத்தர் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போடுவார், ஆள் சேர்த்த இங்கிலீஷ்காரர் காதில் விழுந்ததை எழுதுவார். இங்கிலீஷில் முனிசாமிக்கு முதலெழுத்துக்குப் பின் ஒற்றை 'யு' வரலாம், இரட்டை 'ஓ' வரலாம். கடைசியில் 'ஐ' வரலாம், 'ஒய்' வரலாம். 'சாமி'யின் 'எஸ்'ஸுக்குப் பின் 'டபிள்யூ' இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே பட்டியலிட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சர்ச்சின் ஞானஸ்நான, கல்யாணப் பதிவேடுகளைப் பாருங்கள். அப்பா பெயரையும் ஊரையும் உறுதி செய்ய அதைவிட நல்ல சான்று அந்தக் காலத்துக்குக் கிடைப்பது அரிது.

இரண்டு உலகப் போர்கள்

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். 1914 ஆகஸ்ட் 4 முதல் 1921 ஆகஸ்ட் 31 வரையும், 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரையும் படைப்பணியில் இறந்தவர்கள் அதில் அடங்குவார்கள். போர் முடிந்தபின் நோயால் இறந்தவரும் இந்தத் தேதிகளுக்குள் வந்தால் இருப்பார். நம் ஆட்களுக்குப் பெரும்பாலும் ஒற்றைப் பெயர்தான். அதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுங்கள். பதவியை வைத்து வடிகட்டாதீர்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டி என்றெல்லாம் பதிவாகியிருப்பார்கள். கூடுதல் விவரத்தில் அப்பா பெயரும் ஊரும் இருந்தால்தான் அவர் உங்கள் ஆள் என்று சொல்ல முடியும். அது இல்லாமல் பெயரும் தேதியும் மட்டும் பொருந்தினால் 'இருக்கலாம்' என்று குறித்துவிட்டு மேலே போங்கள். முதல் போரில் ஒவ்வொரு பட்டாளமும் தனித்தனியாக எண் கொடுத்தது. அதே எண் வேறு பட்டாளத்தில் வேறு ஆளுக்கு இருக்கும் என்பதால் எண்ணையும் பட்டாளத்தையும் சேர்த்தே பாருங்கள்.

நினைவுச்சின்னத்தில் பெயர் என்றால் உடல் கிடைக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இந்து, சீக்கியப் படையினரை எரித்தார்கள். அவர்களுக்குக் கல்லறை இல்லை. இம்பாலிலும் கொஹிமாவிலும் எரியூட்டப்பட்டவர்களுக்கென்றே நினைவுச்சின்னங்கள் உண்டு. பர்மாவில் இறந்தவர்களை ரங்கூன் நினைவுச்சின்னத்திலும், மலேயா, சிங்கப்பூரில் இறந்தவர்களைச் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவுச்சின்னத்திலும் பாருங்கள். நந்தம்பாக்கத்தில் உள்ள மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டத்தின் பின்புறம், இந்தியாவின் பல ஊர்களில் புதைக்கப்பட்ட முதல் போர்க்காரர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்ச் சுவர் இருக்கிறது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் (ஐ.என்.ஏ.) சேர்ந்ததாக வீட்டில் பேச்சிருந்தால் தில்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள ஐ.என்.ஏ. கோப்புகளையும் பார்க்க வேண்டும்.

தேதியும் பட்டாளமும் கிடைத்ததும் போர் நாட்குறிப்புக்குப் போங்கள். ஒவ்வொரு பட்டாளமும் அன்றாடம் எழுதியது அது. லண்டனில் கியூ என்ற பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் முதல் போருக்கு 'டபிள்யூ.ஓ. 95' (வார் ஆபீஸ் 95) என்ற வரிசை. இரண்டாம் போரில் மத்தியக் கிழக்கு, வட ஆப்பிரிக்காவுக்கு 169, இத்தாலிக்கு 170, பர்மா, மலேயாவுக்கு 172. இவற்றில் சிப்பாயின் பெயர் அநேகமாக இருக்காது. அதிகாரி செத்தால் பெயர் எழுதுவார்கள், சிப்பாய்கள் செத்தால் 'ஐ.ஓ.ஆர். 3' (அதிகாரி அல்லாத இந்தியப் படையினர் 3) என்று எண்ணிக்கை மட்டும். அந்த மூன்றில் ஒருவர் உங்கள் வீட்டுக்காரர்.

எடுத்துக்காட்டாக, 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற பட்டாளம், இறந்த தேதி 1914 நவம்பர் 4 என்று ஒரு பதிவு கிடைத்தால், அது டாங்கா சண்டை. இடம் இன்றைய தான்சானியாவின் கடற்கரை. அந்தப் படை அக்டோபர் 16இல் பம்பாயிலிருந்து கப்பலேறியது. இரண்டு வாரத்துக்கும் மேல் நெரிசலில் கடற்பயணம், இறங்கியதும் புதரும் தோப்புமான முன்பின் தெரியாத நிலத்தில் சண்டை, ஐந்தாம் தேதி மிஞ்சியவர்கள் மீண்டும் கப்பலுக்கு. அன்று பட்டாளம் பின்வாங்கியதைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதியது கடுமையாக இருக்கும். தோற்ற சண்டைக்கு அவர்கள் சொன்ன காரணம் அது. சிப்பாயின் வாக்குமூலம் அந்தத் தாளில் இல்லை என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

'காயத்தால் இறந்தார்', 'நோயால் இறந்தார்' என்று இருந்தால் பட்டாளத்தின் நாட்குறிப்பு மட்டும் போதாது. கல்லறையோ நினைவுச்சின்னமோ இருக்கும் ஊரில் எந்த ராணுவ மருத்துவமனை இருந்தது என்று பாருங்கள். அவருடைய கடைசி நாட்கள் அங்கேதான் கழிந்திருக்கும்.

1947க்குப் பின்

1962, 1965, 1971, இலங்கை, கார்கில் போன்றவற்றில் மாண்டவர்களின் பெயர்கள், 2019இல் திறந்த தில்லி தேசியப் போர் நினைவகத்தில் கிரானைட் கற்களில் உள்ளன. அதன் இணையதளத்திலும் தேடலாம். மெட்ராஸ் ரெஜிமென்ட் சிப்பாய்களின் எண் 25 என்று தொடங்கும். மாண்டவரின் மனைவியோ தாயோ வாங்கிய குடும்ப பென்ஷனின் பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) தாளில் எண்ணும் யூனிட்டும் இருக்கும்.

எண் கிடைத்ததும் அந்தப் படையின் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதுங்கள். பென்ஷன் இல்லாதவர்களின் பணிக்கோப்பை 25 ஆண்டுக்குப் பின் அழித்துவிடுவது வழக்கம். "கோப்பு இல்லை" என்ற ஒரு வரிப் பதிலோடு பலர் நின்றுவிடுகிறார்கள். கோப்பு போனாலும் 'லாங் ரோல்' என்ற பதிவேடு மிஞ்சியிருக்கும். அதில் சேர்ந்த தேதியும் விலகிய அல்லது இறந்த தேதியும் காரணமும் இருக்கும். ஆகவே கடிதத்திலேயே "லாங் ரோல் பதிவின் நகல்" என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கட்டணம் 10 ரூபாய். மூன்றாம் நபர் விவரம் என்று மறுக்க இடம் தராதபடி வாரிசுச் சான்றும் உறவுமுறை காட்டும் ரேஷன் கார்டு நகலும் இணையுங்கள். தமிழ்நாட்டில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகமும், சித்தூரில் ஜில்லா சைனிக் வெல்ஃபேர் ஆபீசும் கடிதத்துக்குப் பரிந்துரை தரும்.

ஊரில் இருப்பவை

முதல் போருக்குப் பின் அரசு பல ஊர்களில் கல் பதித்தது. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல், ஊரிலிருந்து 277 பேர் போனதாகவும் 14 பேர் உயிர் கொடுத்ததாகவும் சொல்கிறது. பெயர் ஒன்றுகூட இல்லை. சுண்ணாம்பு பூசி மறைந்த கல்லைச் சுரண்டாதீர்கள், ஈரத்துணியே போதும். படைவீரர் குடும்பத்துக்கு நிலம் ஒதுக்கியிருந்தால் தாலுகா ஆபீஸில் பழைய அடங்கலில் குறிப்பு இருக்கும். சித்தூர்ப் பக்கம் அரசு ஒதுக்கிய நிலத்தின் பட்டாவை டி.கே.டி. பட்டா என்று கேட்க வேண்டும்.

எல்லாம் பார்த்தும் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை என்றால் உங்கள் தேடல் பிழையாக இருக்க வேண்டியதில்லை. முதல் போரில் 45,000 முதல் 54,000 பேர்வரை, பெரும்பாலும் இந்தியரும் ஆப்பிரிக்கரும், மற்றவர்களுக்குச் சமமாக நினைவுகூரப்படவில்லை என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரிட்டு நினைவுகூரப்படவே இல்லை என்றும் கல்லறை ஆணையத்துக்குத் தரப்பட்ட 2021 அறிக்கை சொன்னது. விடுபட்ட பெயரைச் சேர்க்க ஆணையத்துக்கு விண்ணப்பிக்கலாம். படையில் இருந்ததற்கு ஒரு தாள், இறந்த தேதிக்கு ஒரு தாள், இறப்பு பணியோடு தொடர்புடையது என்பதற்கு ஒரு தாள் வேண்டும். நகல்களை மட்டும் அனுப்புங்கள். ஊரின் அன்றைய மாவட்டப் பெயரையும் இன்றைய பெயரையும், நீங்கள் தேடிப் பார்த்த எழுத்துவடிவங்கள் அத்தனையையும் தனித் தாளில் எழுதி இணையுங்கள்.