தனியாள் கேம் செய்கிறீர்களா? லேஅவுட்டில் சறுக்கும் இடங்கள்

மேசையில் தாள், பகடை, சீட்டு என்று வைத்து ஆடுவது டேபிள்டாப் கேம். ஒரே ஆள் ஆடும் அப்படிப்பட்ட கேமில் எதிரே உட்கார யாரும் இல்லை. விதியை விளக்க ஆள் கிடையாது, 'இப்போ என்ன பண்ணணும்?' என்று கேட்கவும் ஆள் கிடையாது. விதி சொல்லி, கதையை நகர்த்தும் கேம் மாஸ்டர் வேலை முழுவதும் விதிப் புத்தகத்தின் தலையில்தான். இதை மறந்துவிட்டு அட்டைக்கும் வண்ணத்துக்கும் மாதக்கணக்கில் மெனக்கெடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்க முடிகிறது. ஒருவரே எழுதி, அவரே லேஅவுட் செய்து, பிடிஎப் ஆக விற்கும் கேம்களில் நன்றாக வந்த சிலவற்றைப் பிரித்துப் பார்த்தால் மற்றவை எங்கே கோட்டை விடுகின்றன என்று புரியும்.

பெரிய தவறு, பிடித்த கேமின் தோலை மட்டும் உரித்து எடுத்துக்கொள்வது. டிம் ஹட்சிங்ஸின் 'தவுசண்ட் இயர் ஓல்ட் வேம்பயர்' புத்தகத்தைப் புரட்டினால் யாரோ நெடுங்காலம் வைத்திருந்த நோட்டைப் புரட்டுவது போலவே இருக்கும். ஒட்டப்பட்ட துண்டுத் தாள்கள், மங்கிய படங்கள், கறைகள். அதைப் பார்த்த கையோடு தங்கள் கேமுக்கும் பழுப்புக் காகிதப் பின்னணி போட்டவர்கள் ஏராளம். ஆனால் அங்கே அந்தத் தோற்றத்துக்கு விதிகளிலேயே வேர் இருக்கிறது. நெடுங்காலம் வாழும் வேம்பயராக, அதாவது ரத்தக் காட்டேரியாக, ஆட வேண்டும். அந்த வேம்பயருக்கு ஐந்து நினைவுகள், ஒவ்வொன்றிலும் மூன்று அனுபவங்கள். இடம் தீர்ந்தால் பழைய நினைவு ஒன்றை அடித்துவிட வேண்டும், இல்லையென்றால் நாட்குறிப்புக்கு மாற்ற வேண்டும். நாட்குறிப்பிலும் நான்குதான் கொள்ளும்; அதுவே ஒருநாள் தொலைந்தும் போகலாம். பெற்ற மகளின் பெயரை நீங்களே பேனாவால் அடிக்கும்போது, எதிரே விரிந்து கிடக்கும் கறைபட்ட பக்கமும் அதே கதையைச் சொல்கிறது. ஹட்சிங்ஸ் ஒரு ஓவியக் கலைஞர். விளையாடுபவர்கள் கையால் வரைந்த வரைபடங்களையும் குறிப்புத் தாள்களையும் சேர்த்துவைக்க ஒரு காப்பகமே தொடங்கியவர். அந்த நோட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கச் சிரமம் இல்லை. உங்கள் கேமில் எதுவும் மறக்காது, எதுவும் பழசாகாது என்றால் பழுப்புக் காகிதத்துக்கு அங்கே என்ன வேலை?

மற்ற கேம்களின் ஆட்டப் பொருட்களைக் கடன் வாங்குவதிலும் இதே கதைதான். கிறிஸ் பிஸெட்டின் 'தி ரெட்செட்' 2020-இல் வந்தது. ஒரு விண்கலம், மிஞ்சிய ஒரே ஒரு இன்ஜினியர், வெளியே தள்ளியும் சாகாத ஒரு ஜந்து. சீட்டை எடுத்து, அது கேட்பதற்குக் குரல்பதிவாகப் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். சில சீட்டுகள், மரக்கட்டைகளை அடுக்கிய ஜெங்கா கோபுரத்திலிருந்து கட்டையை உருவச் சொல்லும். கோபுரம் சரிந்தால் ஆள் காலி. அங்கே பயம் படத்தில் இல்லை, உங்கள் விரல் நுனியில் இருக்கிறது. அந்த விதிச் சட்டகத்தை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டதால் அதிலிருந்து ஏகப்பட்ட கேம்கள் முளைத்தன. ஆற அமர மூலிகைத் தோட்டம் வளர்க்கும் கேமுக்கும் கோபுரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினால், கை நடுங்குவது மட்டும்தான் மிச்சம்.

அப்புறம், மஞ்சள். 'மோர்க் போரி' என்ற டேபிள்டாப் கேம் புத்தகத்தின் மஞ்சளும் இளஞ்சிவப்பும் சிதறிய எழுத்துகளும் எத்தனை கேம்களில் திரும்பத் திரும்ப வந்துவிட்டன! பெல்லே நில்சன் முதலில் செய்த 'டார்க் ஃபோர்ட்' என்ற தனியாள் கேமிலிருந்துதான் அது வளர்ந்தது. யோஹான் நூர் அதற்கு அந்த முகத்தைக் கொடுத்தார். அலங்காரமே இல்லாத வெறும் எழுத்துப் பதிப்பையும் அவர்கள் இலவசமாகத் தருகிறார்கள் என்பதைக் காப்பியடிக்கிறவர்கள் கவனிப்பதில்லை. மோர்க் போரியைப் போலக் கூட்டமாக ஆடும் கேமில் ஒருவருக்கு விதி புரியாவிட்டால் இன்னொருவர் சொல்லிவிடுவார். தனியாக ஆடுகிறவர் சாய்ந்த எழுத்தில், கறுப்புப் பின்னணியில் ஒரே விதியை மூன்று முறை தேடிவிட்டு மூடிவைத்துவிடுவார்.

அலங்காரம் இல்லாமலே வடிவமைப்பு எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஷான் டாம்கினின் 'அயர்ன்ஸ்வோர்ன்' (2018) நல்ல உதாரணம். சபதங்களை நிறைவேற்றப் புறப்படும் கேம் அது. ஆடுகிறவர் குறித்துக்கொள்ளும் தாளில் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு வரிசை உண்டு. ஒரு கட்டம் நிறைய நான்கு கோடுகள் வேண்டும். எளிய காரியமாக இருந்தால் ஒரு வெற்றிக்கு மூன்று கட்டங்கள் நிறையும். காவியம் போன்ற பெரிய சபதமாக இருந்தால் ஒரே ஒரு கோடுதான். பயணம், சண்டை, சபதம் எல்லாவற்றுக்கும் அதே வரிசைதான். புதிதாக எதையும் கற்க வேண்டாம். இன்னும் எவ்வளவு தூரம் என்று தாளைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒவ்வொரு விஷயத்துக்கும் தனித்தனி வட்டம், நட்சத்திரம், கத்தி ஐகான் என்று தாளை நிரப்புகிறவர்கள் இதை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம்.

படங்களுக்கு வருவோம். ஓவியருக்குக் கொடுக்கப் பணம் இல்லாதபோது பதிப்புரிமை முடிந்த பழைய படங்களைத் தேடுவது நியாயம்தான். பிரிட்டிஷ் நூலகம் 2013 டிசம்பரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை ஃபிளிக்கர் படத்தளத்தில் ஏற்றியது. நியூயார்க்கின் மெட் அருங்காட்சியகம் 2017-இல் தன்னிடமுள்ள பதிப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களைக் கட்டுப்பாடின்றிப் பயன்படுத்தத் திறந்துவிட்டது. சிக்கல் ஆரம்பிப்பது இந்தத் தாராளத்தில்தான். ஒரு பக்கத்தில் 16-ஆம் நூற்றாண்டு மரச்செதுக்குப் படம், தடித்த கோடுகளோடு. அடுத்த பக்கத்தில் விக்டோரியா காலத்து நுண்ணிய செதுக்கோவியம். மூன்றாவதில் மங்கலான புகைப்படம். ஒவ்வொன்றும் தனியாக அழகு, சேர்த்துவைத்தால் குப்பை. ஒரே காலம், ஒரே நுட்பம் என்று வரையறுத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் எல்லாவற்றையும் ஒரே வண்ணத்துக்கு மாற்றி விடுங்கள்.

உரிமை விஷயத்தில் 'பழசு, அதனால் இலவசம்' என்று நினைத்து இறங்காதீர்கள். 1909-இல் வெளிவந்த, குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுகளை வரைந்த பமீலா கோல்மன் ஸ்மித் 1951-இல் இறந்தார். பதிப்புரிமை இந்தியாவில் இறப்புக்குப் பின் 60 ஆண்டுகள், பிரிட்டனில் 70. ஆகவே அவருடைய மூல ஓவியங்களுக்கு இரண்டு நாடுகளிலும் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பின்னால் யாரோ புதிதாக வண்ணம் தீட்டிய பதிப்புக்குத் தனி உரிமை இருக்கலாம். எந்தப் பதிப்பிலிருந்து ஸ்கேன் எடுத்தது என்று பாருங்கள்.

அச்சுக்கு வந்தால் மூன்று விஷயங்கள். முழுக் கறுப்புப் பக்கம் திரையில் கம்பீரமாக இருக்கும். வீட்டு பிரிண்டரில் மையைக் குடித்துவிட்டுக் கோடு கோடாக வரும். வெள்ளைப் பின்னணியில் தனிக் கோப்பு ஒன்று கொடுத்துவிடுங்கள். நடுவில் ஸ்டேப்ளர் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். பகடை அட்டவணையைப் பாதியில் வெட்டி, பக்கத்தைத் திருப்பினால்தான் மீதி தெரியும்படி வைக்காதீர்கள். ஆடுகிறவரின் ஒரு கையில் பென்சில் இருக்கிறது.

தமிழில் செய்கிறவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. ஆங்கில டெம்ப்ளேட்டை எடுத்து அப்படியே தமிழை நிரப்பினால் வரிகள் ஒன்றையொன்று இடிக்கும். 'கீ', 'கூ' போல மேலும் கீழும் வளைவு நீளும் எழுத்துகளுக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். அலங்கார எழுத்துரு தேடி அலைவதை விட, நோட்டோ செரிப் தமிழ், கேட்டமரன் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களில் ஒன்றைத் தலைப்புக்கும் உரைக்கும் வெவ்வேறு தடிமனில் வைத்தாலே போதும். கட்டங்களின் அகலத்தை முடிவு செய்யும் முன் உங்கள் கேமிலேயே மிக நீளமான சொல்லை அந்தக் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதிப் பாருங்கள். கையெழுத்து அச்செழுத்தை விட அதிக இடம் கேட்கும்.