ஷெட்டில் நின்ற கார்: பழைய வண்டி வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி ஒர்க்‌ஷாப்புக்கு வந்து போனை நீட்டினார். "அண்ணே, பள்ளத்தூர்ல ஒரு செட்டியார் வீட்டு வண்டி. 2013 மாடல் பெட்ரோல், 19 ஆயிரம்தான் ஓடியிருக்கு. ஊருக்கு வந்தா மட்டும் எடுப்பாங்களாம். அஞ்சாயிரம் அட்வான்ஸ் கொடுத்துட்டேன்." அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு நன்றாகத் தெரிந்த சந்தோஷம். 15 வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு வண்டி வாங்கினேன்.

ஆர்.சி.யைப் பார், சேசிஸ் நம்பரைச் சரிபார் என்பதெல்லாம் எல்லோரும் சொல்வதுதான். அதை விட்டுவிடுகிறேன். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வண்டி தேடுகிறவர்கள் திரும்பத் திரும்பப் பணத்தை விடுகிற இடங்கள் வேறு.

குறைந்த கிலோமீட்டரில் மயங்குவது

நம் ஊர்களில் பெரிய வீடுகள் பலவும் வருடத்தில் பாதி நாளுக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. குடும்பம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் திருவிழா என்றால்தான் முகப்புக் கதவு திறக்கும். கார் அதுவரை ஷெட்டில் படுதாவுக்குள் நிற்கும். வாட்ச்மேன் எப்போதாவது ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் அணைத்துவிடுவார். விற்கிறவர்கள் பொய் சொல்வதில்லை, மீட்டரையும் யாரும் திருப்புவதில்லை. ஆனால் ரப்பரும் ஆயிலும் கிலோமீட்டரை மட்டும் பார்த்துப் பழசாவதில்லை.

நான் வாங்கியது 11 வருடத்தில் 21 ஆயிரம் ஓடிய வண்டி. டயர் பட்டன் அப்படியே இருந்தது. பேட்டரி புத்தம் புதுசு. அது ஏன் புதுசு என்று நான் கேட்கவே இல்லை. முதல் வாரம் ஏசி நின்றது. ரொம்ப நாள் ஓடாத கம்ப்ரஸரில் சீல் காய்ந்து கேஸ் போய்விடும். அடுத்து திருமயம் சாலையில் போகும்போது பின் டயர் பக்கவாட்டில் பிளந்தது. குனிந்து பார்த்தால் சுவர் முழுக்க, வறண்ட கண்மாய் மாதிரி, வெடிப்பு. அதற்கு மேல் பாலிஷ் அடித்திருந்தார்கள்.

இதெல்லாம் சில்லறைச் செலவு. ஒன்றரை மாதத்தில், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்தது. பிஸ்டன் போய் வால்வுகளை அடித்து வளைத்துவிட்டது. ஹெட்டைக் கழற்றி, வால்வு மாற்றி, வண்டி திரும்ப ரோட்டுக்கு வர 47 ஆயிரம் ஆனது. அப்போதே நான் மெக்கானிக். 21 ஆயிரம்தானே, பெல்ட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கம்பெனி மேனுவலில் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் போட்டிருக்கும், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்று என்று. அந்த இரண்டாவது எண்ணை நான் படிக்கவில்லை. இன்றைக்கும் "ஓடவே இல்லை சார்" என்று ஒரு புரோக்கர் அதைப் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

அதனால் நின்ற வண்டி என்றால் இப்படிப் பாருங்கள். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 1216 என்றால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆவது வாரம் செய்த டயர். ஐந்தாவதாக ஸ்டெப்னியையும் பாருங்கள். வண்டியைத் தள்ளிப் பாருங்கள், ஹேண்ட் பிரேக் போட்டே மாதக்கணக்கில் நின்றிருந்தால் பின் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்று பில்லைக் கேளுங்கள், அது சும்மா நின்றாலும் ஈரத்தை இழுக்கும். டைமிங் பெல்ட் வண்டியா, டைமிங் செயின் வண்டியா என்று தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட் என்றால், மாற்றிய பில் இல்லாத பட்சத்தில் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எலி. தம்பியோடு போய்ப் பார்த்த பள்ளத்தூர் வண்டியில் ஏர் ஃபில்டர் பெட்டியின் நான்கு கிளிப்பையும் எடுத்துத் திறந்தேன். ஃபில்டருக்கு மேல் தேங்காய் நாரும் கிழிந்த துணியும் கூடு மாதிரி சுருண்டிருந்தன, நடுவில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டை. இன்ஜெக்டருக்குப் போகும் வயரில் தோல் போய்ச் செம்பு தெரிந்தது. பக்கத்தில் நின்ற தம்பி ஒன்றும் பேசவில்லை.

டயர், பெல்ட், பேட்டரி, ஆயில்கள், கூலன்ட் ஹோஸ், வயரிங் எல்லாவற்றுக்கும் செலவைக் கூட்டி, அதை விலையில் கழித்துக் கேளுங்கள். "கம்மியா ஓடினது" என்று கூடுதலாகக் கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால், தினமும் வேலைக்குப் போய்வந்து சர்வீஸ் பில் வரிசையாக வைத்திருக்கும் 70 ஆயிரம் ஓடிய வண்டியைத்தான் வாங்குவேன்.

சூடாக இருக்கும் இன்ஜினைக் கேட்டுப் பார்ப்பது

போனதும் பானட்டில் கை வையுங்கள். சுட்டால், காபி குடித்துவிட்டு அது ஆறின பிறகு வாருங்கள், ஆறின இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் குறை காதில் விழும்.

சீட் பெல்ட்டை முழுக்க இழுக்காமல் விடுவது

2015-லும் 2023-லும் சென்னையில் வெள்ளத்தில் நின்ற வண்டிகளை நன்றாகக் கழுவி வெளியூர்களில் விற்றார்கள். கார்ப்பெட்டை மாற்றலாம், சீட்டைத் துவைக்கலாம். பெல்ட்டின் அடிப்பகுதி உள்ளே சுருண்டே இருக்கும், அதை யாரும் கழுவுவதில்லை. கடைசி வரை இழுங்கள். நம் ஊர்ப் புழுதி சிவப்பு. பெல்ட்டில் சாம்பல் நிறத்தில் சேற்றுக் கோடு தெரிந்தால் அது செட்டிநாட்டு மண் இல்லை.

கடன் முடிந்தது என்ற வாய்ச்சொல்

கடனைக் கட்டி முடித்தாலும் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் தானாகப் போகாது. வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து நீக்க வேண்டும். நீக்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

புதுச்சேரி நம்பர்

புதுச்சேரியில் பதிவான வண்டி என்றால், இங்கே கட்ட வேண்டிய தமிழ்நாட்டு வரியைக் கூட்டிவிட்டு அப்புறம் விலை பேசுங்கள்.

இன்ஷூரன்ஸை அப்படியே ஓட்டுவது

14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கே அடிபட்டால்தான் சிக்கல், பாலிசி பழைய ஓனர் பெயரில் இருந்தால் கிளெய்ம் நிற்காது. கிளெய்ம் செய்யாததற்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் அவருடையது, உங்களுக்கு வராது.

இறந்தவர் பெயரில் இருக்கும் ஆர்.சி.

பள்ளத்தூர் வண்டியில் கடைசியாகத் தெரிந்தது இதுதான். வண்டி ஐயா பெயரில் இருக்கிறது, ஐயா காலமாகி இரண்டு வருடமாகிறது. இங்கே இருக்கும் இளைய மகன் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்துப் போட்டுத் தரத் தயாராக இருந்தார். நல்ல மனதோடுதான் சொன்னார், ஆனால் அந்தக் கையெழுத்து செல்லாது. வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் வாரிசு ஒருவர் பெயருக்கு வண்டி மாற வேண்டும். மற்ற வாரிசுகளும் சம்மதம் எழுதித் தர வேண்டும். அதன் பிறகுதான் வாங்குகிறவர் பெயருக்கு வரும்.

மூத்தவர் சிங்கப்பூரில் இருக்கிறார், பிள்ளையார் நோன்புக்கு வருகிறாராம். வீட்டு ஆச்சி அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், "பேர் மாத்திட்டு உனக்கே சொல்லி அனுப்புறேன்ப்பா" என்றார்கள். தம்பி என் செலவுக் கணக்கை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஏர் ஃபில்டர் பெட்டியைச் சுத்தம் செய்து மூடிவிட்டு வந்தேன்.