தீர்ப்பு சொல்லும் முன் பிள்ளையிடம் ஒரு கேள்வி

ஒன்பதாம் வகுப்புப் பையன் தேர்வில் நண்பனுக்கு விடைத்தாளைக் காட்டி மாட்டிக்கொண்டான் என்று வையுங்கள். உடனே திட்டி முடித்துவிடாதீர்கள். "ஏன் காட்டினாய்? ராத்திரி கண்விழித்துப் படித்த இன்னொருவனுக்கு இது நியாயமா?" என்று கேளுங்கள். அப்புறம் நீங்கள் பேசாமல் இருங்கள். பெற்றோருக்கு அதுதான் கஷ்டம், ஆனால் அவன் யோசிப்பது அந்த நேரத்தில்தான்.

அமெரிக்க உளவியலாளர் லாரன்ஸ் கோல்பர்க் 10 முதல் 16 வயதுச் சிறுவர்களிடம் இக்கட்டான கதைகளைச் சொல்லி இப்படித்தான் கேட்டார். சரியா தவறா என்ற பதிலைவிட, அதற்கு அவர்கள் சொன்ன காரணத்தையே கவனித்தார். "அடி விழும்" என்பதில் தொடங்கி "எல்லோருக்கும் நியாயமாக இருக்க வேண்டும்" என்பது வரை அந்தக் காரணம் வளரும். 1974-இல் மாசசூசெட்ஸில் அவர் துணையோடு தொடங்கிய ஒரு பள்ளியில், விதிகளை மாணவரும் ஆசிரியரும் ஆளுக்கு ஒரு ஓட்டு போட்டு முடிவு செய்தார்கள்.

சரி, வீட்டில்? போன் பார்க்கும் நேரத்தைப் பிள்ளையோடு பேசி முடிவு செய்யுங்கள். அதே விதி உங்களுக்கும் உண்டு. பள்ளிக்குப் போகும்போது மார்க்கை மட்டும் விசாரிக்காமல், வகுப்பு விதிகளைப் பிள்ளைகளும் சேர்ந்து எழுத முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப்பாருங்கள்.