தையல் இல்லை, ஆனால் உள்ளே புண் இருக்கிறது

சித்தப்பாவுக்குப் புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பி) ஆபரேஷன் முடிந்து 12ஆம் நாள். வயிற்றில் கீறல் இல்லை, தையல் இல்லை, யூரின் டியூபையும் எடுத்தாகிவிட்டது. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று கேஸ் சிலிண்டரைத் தூக்கி அடுப்படியில் வைத்தார். சாயங்காலம் பாத்ரூமிலிருந்து கூப்பிட்டார். சிறுநீர் ரோஸ்மில்க் நிறத்தில் போயிருந்தது.

பலரும் செய்யும் தவறு இதுதான். சிறுநீர்ப் பாதை வழியாகவே கருவியைச் செலுத்தி, சிறுநீரை அடைக்கும் புராஸ்டேட் சதையைச் சுரண்டியோ லேசரால் குடைந்தோ எடுக்கிறார்கள். ஆரஞ்சுச் சுளையை எடுத்துவிட்டுத் தோலை விட்டுவைக்கிற மாதிரி. உள்ளே புண் ஆறும்போது பொருக்கு தட்டும். இரண்டாம் வாரவாக்கில் அது உதிரும்போதுதான் ரத்தம் மறுபடி எட்டிப் பார்க்கும். அதனால் நான்கு முதல் ஆறு வாரம் பளு தூக்கக் கூடாது, பைக் வேண்டாம். முக்கியமாக, முக்கக் கூடாது! மலச்சிக்கலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ரத்தம் வர அதுவே போதும். லேசான சிவப்பு என்றால் தண்ணீர் குடித்து ஓய்வெடுத்தாலே பெரும்பாலும் தெளிந்துவிடும். கட்டி கட்டியாக வந்தாலோ சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆபரேஷனுக்கு முந்தைய தவறுகளில் மோசமானது, ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரையைச் சொல்லாமல் விடுவது. அதைவிட மோசம், இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் யாரையும் கேட்காமல் தானே நிறுத்துவது. எப்போது நிறுத்தலாம், நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

"லேசர்தான் வேணும்" என்று அடம்பிடிப்பதும் உண்டு. சுரப்பியின் அளவைப் பார்க்காமல் முறையை முடிவு செய்ய முடியாது. நீராவியைச் செலுத்திச் சதையைச் சுருங்க வைக்கும் நீராவி சிகிச்சை பெரும்பாலும் 30 முதல் 80 கிராம் வரையிலான சுரப்பிகளுக்குத்தான். பலன் தெரியவும் சில வாரங்கள் ஆகும். 100 கிராமைத் தாண்டினாலும் ஹோலெப் என்ற லேசர் முறையில் எடுக்கலாம்.

அப்புறம், கூச்சத்தில் யாரும் கேட்காத விஷயம். சதையை எடுக்கும் முறைகளுக்குப் பிறகு பலருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உடம்புக்குக் கெடுதல் இல்லை, விறைப்பும் பொதுவாகக் கெடாது. ஆனால் முன்பே தெரியாவிட்டால் வீட்டில் வீண் பயம். குழந்தை வேண்டுமென்பவர்கள் கட்டாயம் முன்னதாகவே பேசிவிட வேண்டும்.

கடைசியாக அந்த ஆரஞ்சுத் தோல், அதாவது சுரப்பியின் வெளிப்பகுதி. அது உள்ளேயே இருப்பதால் புற்றுநோய் வரும் வாய்ப்பு போய்விடவில்லை. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை இனி வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். அது பிஎஸ்ஏ அளவை ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும்.