ஃபிளாஷ் கேசட்டுக்கு ஒரு கூடு: உப்புக்காற்றில் குடியிருப்பவர்களுக்கான செய்முறை

எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வருடம் தவறாமல் பெயிண்ட் அடிக்க வேண்டும். குளச்சலில் கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இரண்டு வாரம் சும்மா நின்ற சைக்கிளின் செயின்கூடச் சிவந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில், பிளாஸ்டிக் கூடு இல்லாமல் வெறும் போர்டாக வாங்கிய, டிவி கேமில் சொருகும் ஃபிளாஷ் கேசட்டை ஷூ டப்பாவில் போட்டுவிட்டு ஆனி, ஆடி இரண்டு மாதமும் மறந்துபோனேன். எடுத்துப் பார்த்தால், டிவி கேம் பெட்டிக்குள் போய்த் தொடும் உலோகப் பட்டைகளான பின்களின் ஓரத்தில் பாசி படர்ந்ததுபோலப் பச்சை. டிவியில் வெறும் சாம்பல் திரை.

அதனால் எந்த விளையாட்டை ஏற்றலாம் என்பதைவிட, போர்டை எதற்குள் வைப்பது என்பதைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப் போகிறேன்.

சின்ன வயதில் நாம் டிவி கேமில் சொருகிய கேசட்டுக்குள் விளையாட்டு ஒரு சிப்பில் நிரந்தரமாகப் பதிந்திருக்கும். ஃபிளாஷ் கேசட்டில் எஸ்டி கார்டு போட ஓர் இடம் உண்டு. கார்டில் இருக்கும் விளையாட்டைத் தேர்ந்தெடுத்தால், கேசட் அதைத் தன் நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு பழைய சிப்பைப் போலவே நடிக்கும். டிவி கேம் பெட்டிக்கு வித்தியாசம் தெரியாது.

படி 1: பெட்டியின் வாயைப் பாருங்கள்

1983இல் ஜப்பானில் வந்த நின்டெண்டோவின் டிவி கேம் பெட்டியான ஃபேமிகாமுக்கு 60 பின். அதையே 1985இல் அமெரிக்காவில் என்இஎஸ் என்ற பெயரில் விற்றபோது 72 பின் ஆக்கினார்கள். நம் ஊரில் வீடு வீடாக இருந்த டிவி கேம் பெட்டிகள் பெரும்பாலும் ஃபேமிகாமின் நகல்கள், 60 பின். எவர்டிரைவ் என்8 மாதிரியான ஃபிளாஷ் கேசட்டுகள் இரண்டு வகையிலும் கிடைக்கின்றன. ஆர்டர் போடும் முன் எது உங்களுக்கு வேண்டியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, நகல் பெட்டிகளில் ஓடும் என்ற உத்தரவாதம் கிடையாது. ஒன்றில் அழகாக ஓடுவது பக்கத்து வீட்டுப் பெட்டியில் முரண்டு பிடிக்கும்.

படி 2: கார்டைத் தயார் செய்யுங்கள்

32 ஜிபி கார்டு போதும், தாராளம். 4 முதல் 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 என்ற கோப்பு வடிவத்திலேயே வரும். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் வருவதால் பல கேசட்டுகளுக்குப் புரியாது. தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, கேசட்டை இயக்கும் சிஸ்டம் ஃபோல்டரை இறக்கி, பெயரை மாற்றாமல் கார்டின் முதல் நிலையிலேயே போடுங்கள். வேறொரு ஃபோல்டருக்குள் வைத்தால் கேசட் அதைத் தேடிக்கொண்டு போகாது.

விளையாட்டுகளா? ஆர்வலர்கள் புதிதாக எழுதி இலவசமாகத் தருபவை நிறைய இருக்கின்றன. நின்டெண்டோவின் கையடக்கப் பெட்டியான கேம்பாய்க்கு 2017இல் வந்த டோபு டோபு கேர்ல் என்ற விளையாட்டு நல்ல ஆரம்பம். காசு கொடுத்து வாங்கிய சொந்தக் கேசட்டிலிருந்து காப்பு நகல் எடுக்க நம் 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது. ஊரான் கேசட்டுக்கு அது பொருந்தாது.

படி 3: கூடு

இங்கே அவசரம் வேண்டாம்.

உடைந்துபோன பழைய 60 பின் கேசட் ஒன்று கிடைத்தால் அதுவே நல்ல கூடு. திறப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. பழைய போர்டின் பின் பகுதி கூட்டின் விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். முதல் தடவை நான் இதைச் செய்யாமல் திறந்துவிட்டேன். புதுப் போர்டு ஒரு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி உட்கார்ந்தது. கேசட் வாயில் முழுதாகப் போன மாதிரி தெரியும், ஆனால் பின் தொடாது. அரை நாள் பெட்டியைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு கூட்டைத் திறந்து, சிப்பை மூடிய கறுப்புப் பொட்டு வைத்த பழைய போர்டை எடுங்கள். புதுப் போர்டை வைத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தூண்களில் ஒன்றிரண்டு இடிக்கும். இடிப்பதை மட்டும் கட்டரால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவுங்கள். எல்லாவற்றையும் வெட்டினால் போர்டு உள்ளே ஆடும். எஸ்டி கார்டுக்கான திறப்பைப் பென்சிலால் குறித்து, சின்ன அரத்தால் தேயுங்கள். கார்டு மட்டும் நுழைகிற அகலம் போதும். பெரிதாகத் திறந்தால் மணலும் ஈரமும் அந்த வழியாகவே குடிவரும். தேய்த்த தூளைப் பழைய டூத்பிரஷால் தட்டிவிட்ட பிறகே போர்டை வையுங்கள்.

எந்தப் பக்கம் முன்பக்கம் என்று இரண்டு முறை பாருங்கள். போர்டைத் திருப்பி வைத்துவிட்டால் 5 வோல்ட் போகக்கூடாத பின்களுக்குப் போய்விடும்.

மூடும்போது, ஸ்க்ரூவை முதலில் எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். ‘டிக்’ என்று ஒரு சின்ன இறக்கம் விரலுக்குத் தெரியும். பழைய மரையில் ஸ்க்ரூ உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். அங்கிருந்து முறுக்கினால் பிளாஸ்டிக்கில் புது மரை வெட்டாது. பத்து முறை கழற்றி மாட்டினாலும் பிடிப்பு போகாது.

3டி பிரிண்ட் செய்து கூடு வாங்குவதானால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் வேண்டாம், பிஇடிஜி என்ற வகையைக் கேளுங்கள். பிஎல்ஏ 60 டிகிரியை ஒட்டி இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள் அப்படிச் சூடேறுவது பெரிய விஷயமில்லை.

கேம்பாய் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அங்கே கூட்டின் வடிவமும் சுவிட்ச் வேலை செய்கிறது. 1989ஆம் ஆண்டின் முதல் கேம்பாயில், ஆன் செய்யும் சுவிட்சோடு சேர்ந்து நகரும் ஒரு நாக்கு கேசட்டின் மேல் மூலையில் உள்ள வெட்டுக்குள் போகும். பின்னால் வந்த கேம்பாய் கலரின் வெட்டு இல்லாத கூட்டைப் போட்டால் சுவிட்சே நகராது. 2001இல் வந்த கேம்பாய் அட்வான்ஸில் விஷயம் இன்னும் கவனமானது. பழைய வடிவக் கேசட் உள்ளே போனால் ஒரு பொத்தான் அமுங்கி 5 வோல்ட் வரும். அட்வான்ஸ் கேசட்டுக்கு வேண்டியது 3.3 வோல்ட்தான். அட்வான்ஸ் போர்டைத் தவறான கூட்டில் வைப்பது கூட்டாலேயே அதைக் கொல்லுகிற வேலை. அழகுக்காகக் கூடு மாற்றும்போது அந்தந்தப் பெட்டிக்குரிய வடிவத்தை விட்டு விலகாதீர்கள்.

படி 4: சொருகுவதற்கு முன்

பெட்டியை ஆஃப் செய்துவிட்டே சொருகுங்கள், எடுங்கள். மெனு வந்தால் ஒரு விளையாட்டை ஏற்றிப் பாருங்கள். படம் வந்து சத்தம் வராவிட்டால் டிவியைத் திட்ட வேண்டாம். ஃபேமிகாமில் சத்தம் கேசட்டுக்குள் ஒரு சுற்று போய்த்தான் டிவிக்கு வரும். 45ஆம் பின்னில் கேசட்டுக்குப் போய் 46இல் திரும்பும். அந்த இரண்டில் ஒன்று அழுக்காக இருந்தாலும், 72 பின்னை 60 ஆக்கும் அடாப்டரில் அந்த இணைப்பு இல்லாவிட்டாலும் படம் ஊமையாகத்தான் ஓடும்.

சில கேசட்டுகளில் சேவ் செய்தது கார்டில் ஏறுவதற்கு, ரீசெட் அமுக்கி மெனுவுக்குத் திரும்ப வேண்டும். நேராக ஆஃப் செய்தால் போச்சு. உங்கள் கேசட் எந்த வகை என்று வாங்கிய அன்றே ஐந்து நிமிடம் விளையாடிச் சோதித்துவிடுங்கள்.

படி 5: துடைப்பது

ஊதாதீர்கள். நாம் எல்லோரும் ஊதியவர்கள்தான், தெரியும். எச்சில் ஈரம் பின்னில் படும், கடற்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அன்று ஊதியபின் ஓடியதற்குக் காரணம் ஊதல் இல்லை. கழற்றி மறுபடி சொருகியதில் பின் சரியாக உட்கார்ந்ததுதான்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குங்கள், 99 சதவீதம். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ செல்போன் சர்வீஸ் செய்பவர்கள் போர்டு கழுவ வைத்திருப்பது இதுதான். அவர்களிடமே எங்கே வாங்கலாம் என்று கேளுங்கள். காது குடையும் பட்ஸில் நனைத்து, பின்களின் நீளவாக்கில் இழுங்கள். பட்ஸ் கறுக்கும். கறுப்பு நிற்கும் வரை புதுப் பட்ஸ். ஐந்து நிமிடம் உலரவிடுங்கள். உப்புத்தாள் பக்கமே போகாதீர்கள், மெல்லிய தங்க முலாம் அதோடு போய்விடும்.

என் பச்சைப் பாசிப் போர்டைப் பார்த்துவிட்டு, தெருவில் வள்ளத்து இன்ஜின் பார்க்கும் அண்ணன் ஒருவர் சொன்னார்: “கொஞ்சம் கிரீஸ் தடவி வை மக்கா, துரு அண்டாது.” இன்ஜினுக்கு அவர் சொல்வது வேதம். கேசட்டில் கிரீஸோ தேங்காய் எண்ணெயோ தடவினால் அது பெட்டியின் வாய்க்குள் ஒட்டி, தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அவரிடம் சரி அண்ணே என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

படி 6: கூட்டுக்கும் ஒரு கூடு

ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என்று நமக்கு மழை இரண்டு தடவை வரும். நடுவில் காய்வதற்கு அதிக நாள் கிடைப்பதில்லை. கேசட்டை நிலைமின்சாரம் தாக்காத ஆன்டிஸ்டாட்டிக் கவரில் போட்டு, ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். என்னுடையது நேந்திரங்காய் சிப்ஸ் போட்டு வைத்த டப்பா. எண்ணெய் வாடை போக இரண்டு தடவை சோப்பு போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்தேன். உள்ளே சிலிக்கா ஜெல் போடுங்கள், நிறம் மாறும் வகை. ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று தெரியும். அடுப்பில் சின்னத் தீயில் வாணலியில் புரட்டினால் மறுபடி ஆரஞ்சுக்கு வரும். வாணலி சமையலுக்கு ஆகாததாக இருக்கட்டும், ஜன்னலும் திறந்திருக்கட்டும். அரிசியில் புதைக்கும் பழக்கம் வேண்டாம், அந்தத் தவிடு கார்டு திறப்புக்குள் போய்விடும்.

டப்பாவை வெளிச் சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காமல் உள்ளறையில் வைத்திருக்கிறேன். என் இரண்டாவது போர்டு இந்த ஆடியோடு மூன்று சாரல் தாண்டிவிட்டது. பின்கள் மஞ்சளாகத்தான் இருக்கின்றன. டப்பாவின் ரப்பர் வளையம்தான் தளர்ந்துவிட்டது, இந்த ஞாயிறு மாற்ற வேண்டும்.