பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லுக்குப் பால் கண்டுபிடிக்க ஒரு வழி

நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, அவ்வளவுதான். பிரெஞ்சில் அப்படியில்லை. சாப்பிடும் மேசை 'லா தாப்ல்', பெண்பால்; எழுதும் மேசை 'லெ ப்யூரோ', ஆண்பால். (முன்னால் வரும் 'லா' பெண்பாலையும் 'லெ' ஆண்பாலையும் காட்டும் சிறுசொற்கள்.) பொருளைப் பார்த்து ஊகிக்க முயலாதீர்கள், சொல் முடியும் ஓசையைக் கேளுங்கள்.

'ஸியோன்' என்று முடிந்தால் பெண்பால்: நாஸியோன் (நாடு), ஸ்தாஸியோன் (நிலையம்). இதை அநேகமாகக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். 'எத்' என்ற முடிவும் பெரும்பாலும் பெண்பால்தான். 'ஈஸ்ம்' என்று முடியும் கொள்கைப் பெயர்கள் ஆண்பால்.

'ஆஜ்' என்ற முடிவில் கொஞ்சம் கவனம் வேண்டும். வுவாயாஜ் (பயணம்), ஃப்ரொமாஜ் (பாலாடைக்கட்டி) என ஏராளமான சொற்கள் ஆண்பால். ஆனால் ப்லாஜ் (கடற்கரை), பாஜ் (பக்கம்), இமாஜ் (படம்), காஜ் (கூண்டு) ஆகியவை பெண்பால். அடிக்கடி புழங்கும் விலக்குகள் சிலவே என்பதால் இந்த நான்கையும் முதலில் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

கிழமை, மாதம், மொழி ஆகியவற்றின் பெயர்கள் ஆண்பால். மரங்களின் பெயர்களும் பெரும்பாலும் அப்படியே.

இன்னொன்று, என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். உயிரொலியில் தொடங்கும் சொல்லுக்கு முன் 'லெ', 'லா' இரண்டுமே 'ல்' என்று சுருங்கிப் பாலை மறைத்துவிடும். 'லோ' (தண்ணீர்) என்று மட்டும் படித்தால் அது பெண்பால் என்று தெரியவே தெரியாது. அதனால் இத்தகைய சொற்களைக் குறிப்பேட்டில் எழுதும்போது, 'ஒரு' என்று பொருள்படும் 'அன்' (ஆண்பால்) அல்லது 'யூன்' (பெண்பால்) சேர்த்தே எழுதுங்கள்: யூன் இமாஜ், அன் ஆர்ப்ர் (மரம்).