மான் வேட்டைக்கு பிளைண்டும் அழைப்பானும்: முதல் சீசனில் எதை வாங்குவது, எங்கே வைப்பது, எப்போது ஊதுவது

மானின் குரலை எழுப்பும் அழைப்பானை ஊதியதும் மான் முதலில் செய்வது நடந்து வருவதல்ல. தலையைத் தூக்கி, சத்தம் வந்த இடத்தையே உற்றுப் பார்க்கும். மரத்தில் 20 அடி உயரத்தில் பரண் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு இது பெரிய சிக்கல் இல்லை. மான் தரை மட்டத்தில்தான் தேடும். தரையில் நிறுத்தும் மறைவிடமான கிரவுண்ட் பிளைண்டில் இருப்பவரோ அந்தப் பார்வைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். அதனால் பிளைண்டையும் அழைப்பானையும் தனித்தனியாக யோசித்து வாங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதலில் பிளைண்ட், அப்புறம் அதை வைக்கும் இடம், கடைசியில்தான் அழைப்பான்.

இங்கே நான் சொல்வதெல்லாம் அமெரிக்காவில் உரிமத்தோடு செய்யும் வெள்ளைவால் மான் வேட்டை பற்றியது. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம்.

படி 1: விதிகளைப் படியுங்கள்

ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் வேட்டை விதிகளை வெளியிடுகிறது. பொருள் வாங்கும் முன்பே அதைப் படித்துவிடுங்கள். விஸ்கான்சினில் 1973 ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் உரிமம் வாங்க, வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். பயிற்சி முடிக்காதவர்களுக்கு, அனுபவமுள்ள ஒருவர் கூடவே இருந்து கற்றுத்தரும் ஏற்பாடும் பல மாநிலங்களில் உண்டு. புதியவருக்கு அது நல்ல வழி.

மூன்று விஷயங்களைக் குறிப்பாகத் தேடிப் பாருங்கள். மின்னணு அழைப்பானுக்கு அனுமதி உண்டா? பல மாநிலங்களில் மானுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. மான் சிறுநீரில் செய்த வாசனைப் பொருளுக்குத் தடை உண்டா? மான்களைக் கொல்லும் சிடபிள்யூடி நோய் பரவாமல் இருக்கச் சில இடங்களில் தடுத்திருக்கிறார்கள். பொது நிலத்தில் பிளைண்டை இரவில் விட்டுவிட்டு வரலாமா? இதுவும் இடத்துக்கு இடம் மாறும்.

படி 2: மான் எதை வைத்து உங்களைக் கண்டுபிடிக்கிறது

மூக்கு, அசைவு, ஒலி. இந்த வரிசையில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மானின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 300 பாகை அளவுக்குச் சுற்றுப்புறம் அதன் பார்வையில் படும். நிறங்களில் அது பலவீனம். சிவப்பும் ஆரஞ்சும் நமக்குத் தெரிகிற மாதிரி அதற்குத் தெரிவதில்லை. ஆனால் நீலத்தையும், நம் கண்ணுக்கு எட்டாத புற ஊதா ஒளியையும் அது நன்றாக உணரும். எனவே பாதுகாப்புக்காகப் போடும் ஆரஞ்சு அங்கி மானை விரட்டாது. துணியை வெண்மையாக்கிக் காட்டும் சேர்மானமுள்ள சோப்புத்தூளில் துவைத்த சட்டையும் நீல ஜீன்ஸும்தான் காட்டிக்கொடுக்கும்.

படி 3: எந்த பிளைண்ட்

கடையில் நிறைய வகைகள் இருந்தாலும் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது ஒன்றைத்தான்: ஹப் பிளைண்ட். நான்கு சுவரிலும் கூரையிலும் நடுவில் ஒரு குமிழ் இருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் சுவர் விறைத்து நின்றுவிடும். தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாம். பெட்டி மாதிரி மரத்திலோ பிளாஸ்டிக்கிலோ நிரந்தரமாக நிறுத்தும் பிளைண்ட் சொந்த நிலம் உள்ளவர்களுக்கு. தரையில் குத்தி நிறுத்தும் திரை எடை குறைவு, ஆனால் பின்பக்கம் திறந்திருக்கும்; அசையாமல் உட்காரப் பழகியவர்களுக்கே அது சரிவரும். விழுந்த மரத்தையும் கிளைகளையும் வைத்து நீங்களே மறைப்பு கட்டலாம், செலவே இல்லை. பொது நிலத்தில் கிளை வெட்ட அனுமதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹப் பிளைண்டைக் கடையில் விரித்துக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே போய், நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். வில் வேட்டை என்றால் உயரம்தான் முக்கியம்: நாணை முழுதாக இழுத்த நிலையில் வில்லின் மேல் நுனி கூரையிலும் கீழ் நுனி தொடையிலும் இடிக்கக் கூடாது. கிராஸ்போ (துப்பாக்கி மாதிரி பிடித்து விசையை அழுத்தி அம்பு விடும் குறுக்குவில்) என்றால் அகலம். அம்பு கிளம்பும்போது வில்லின் இரண்டு பக்கக் கைகளும் விரியும், சுவரை ஒட்டி வைத்திருந்தால் துணியில் அடிக்கும். அடுத்தது ஜன்னல். அதை ஒரே கையால் மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். ‘சர்ர்’ என்று கிழிபடுகிற சத்தத்தோடு பிரியும் வெல்குரோ வேண்டாம். கொக்கியும் வளையமும், அல்லது சத்தமில்லாமல் நகர்த்தக்கூடிய திரைதான் வேண்டும். துணியை நகத்தால் சுரண்டுங்கள். நமக்கே காதில் உறுத்தினால் மானுக்குச் சொல்லவே வேண்டாம். உட்புறம் கறுப்புப் பூச்சு இருக்க வேண்டும்.

உள்ளேயிருந்து வெளியே தெரியும், வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்று விற்கும் வலைச்சுவர் பிளைண்டுகள் இப்போது பிரபலம். பார்வை அருமையாக இருக்கும். ஆனால் பின்னாலிருந்து வெயில் அடித்தால் உங்கள் உருவம் நிழலாகத் தெரிந்துவிடும். ஜன்னல் வலை வழியாகவே அம்பு விடலாம் என்று சொல்லப்படும் மாடல்களில், விரியாத அம்பு முனையை மட்டும் பயன்படுத்துங்கள். விரியும் முனை வலையில் பட்டதுமே திறந்து பாதை மாறிவிடும். ரைஃபிள் என்றால் வலையைக் கழற்றிவிடுங்கள்.

படி 4: வைக்கும் இடம்

இங்கேதான் அவசரப்படக் கூடாது. மான்கள் நடந்து தேய்ந்த தடத்தையும், அவை மேயும் இடத்தையும் படுக்கும் இடத்தையும் முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு காற்றைப் பாருங்கள். மான் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று எதிர்பார்க்கிறீர்களோ, அங்கிருந்து உங்களை நோக்கியோ குறுக்காகவோ காற்று வீச வேண்டும். உங்கள் வாடை மானை நோக்கிப் போனால், மேலே படித்த எதுவும் பயன்படாது.

அழைப்பான் ஊதப் போகிறவர் இதற்கு மேலும் ஒன்றை யோசிக்க வேண்டும். குரல் கேட்டு வரும் ஆண் மான் பெரும்பாலும் நேராக வராது. சுற்றிக்கொண்டு, காற்று உங்களைத் தாண்டிப் போகிற பக்கத்துக்கு வந்து மோப்பம் பிடிக்கும். ஆகவே அந்தப் பக்கத்தில் மான் எளிதில் போக முடியாத ஏதாவது இருக்கிற மாதிரி பிளைண்டை நிறுத்துங்கள்: ஓடை, செங்குத்துச் சரிவு, அடர்ந்த முள்வேலி, எதுவானாலும் சரி. அப்படி இடம் அமையவில்லை என்றால், மான் உங்கள் வாடையைப் பிடிப்பதற்கு முன்பே குறி வைக்க முடிகிற மாதிரி அந்தப் பக்கமும் ஒரு ஜன்னல் இருக்கட்டும்.

சூரியன் முகத்தில் அடிக்கும் திசையில் ஜன்னல் வைக்காதீர்கள். வெளிச்சம் உள்ளே விழுந்து கை அசைவதுகூடத் தெரியும். காலையில் உட்காரும் இடமும் மாலையில் உட்காரும் இடமும் இதனாலேயே வேறாக இருக்கலாம்.

பிளைண்டை வெட்டவெளியில் நிறுத்தாமல், புதருக்குள்ளோ மரக்கூட்டத்துக்கு முன்னாலோ ஒட்டி வையுங்கள். அந்த இடத்திலேயே கிடைக்கும் கிளை, புல், சோளத்தட்டையைச் சொருகி, கூரையின் நேர்க்கோடுகளை உடைத்துவிடுங்கள். நேற்று இல்லாத பெட்டி இன்று நின்றால் மான் கவனிக்கும். எனவே விதி அனுமதித்தால் இரண்டு வாரமாவது முன்கூட்டியே நிறுத்திவிடுங்கள். முளைக்குச்சிகளை அடித்து, கயிற்றையும் இழுத்துக் கட்டுங்கள். பனி குவிந்தால் கம்பு உடையும் என்பதால் அவ்வப்போது போய்த் தட்டிவிட வேண்டும்.

கடைசியாக, உள்ளே தரையில் கிடக்கும் சருகையும் சுள்ளியையும் மண் தெரியும் வரை கூட்டித் தள்ளுங்கள். நாற்காலியைத் திருப்பும்போது காலடியில் ஒரு சருகு நொறுங்கினால் போதும்.

படி 5: மற்ற வேட்டைக்காரர்களுக்குத் தெரிய வேண்டும்

மறைந்திருப்பது மானிடமிருந்து மட்டுமே. விஸ்கான்சினில் துப்பாக்கி சீசனின்போது மாநில இயற்கைவளத் துறை நிலத்தில் வைக்கும் பிளைண்டின் மேல், எல்லாத் திசையிலும் தெரிகிறபடி குறைந்தது 144 சதுர அங்குலம் பளீர் ஆரஞ்சோ பளீர் இளஞ்சிவப்போ இருக்க வேண்டும். உங்கள் மாநிலத்தில் இப்படி விதி இல்லாவிட்டாலும் ஆரஞ்சுத் துணியைக் கட்டுங்கள். நான்கு பக்கமும், நன்றாகத் தெரிகிற உயரத்தில். குளிருக்காக கேஸ் ஹீட்டர் கொண்டுபோகிறவர்கள், மூடிய துணிக்கூண்டுக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும் என்பதை மறக்கவே வேண்டாம். கூடுதல் உடை போதும் என்பேன்.

படி 6: எந்த அழைப்பான்

தொடக்கத்தில் இரண்டு போதும். ஒன்று கிரன்ட் குழல், ஆண் மானின் உறுமலை எழுப்பும் ஊதுகுழல். உள்ளே ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். அதன் மேலுள்ள ரப்பர் வளையத்தை நகர்த்தினால் இளம் மானின் மெல்லிய குரலிலிருந்து முதிர்ந்த மானின் கனத்த குரல் வரை மாற்றலாம். இப்படி மாற்ற முடிகிற குழலாக வாங்குங்கள். கன்னத்தை உப்பி ஊதாமல், வயிற்றிலிருந்து ‘உர்க்’ என்று ஒரு நொடிக்கும் குறைவாக விடுங்கள். ஊதும் மூச்சின் ஈரம் குளிரில் நாக்கோடு உறைந்து குழல் அடைத்துக்கொள்ளும். அதைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது பிளீட் கேன், பெண் மானின் குரல் எழுப்பும் சிறிய டப்பா. துளையைக் கட்டைவிரலால் மூடி, டப்பாவைக் கவிழ்த்து நிமிர்த்தினால் ‘மேஏஏ’ என்று வரும். வாயே தேவையில்லை. நடக்கும்போது பையில் உருண்டு தானாகக் கத்தாமல் இருக்க ஒரு துணியில் சுற்றி வையுங்கள்.

கொம்பு மோதும் ஒலிக்கு நிஜக் கொம்புகளை வீசி அடிக்க பிளைண்டுக்குள் இடமில்லை. பிறகு தேவைப்பட்டால், உள்ளங்கையில் உருட்டும் கொம்புப் பை வாங்கிக்கொள்ளலாம். ஸ்னார்ட் வீஸ் என்ற சண்டைச் சீறல் இளம் மான்களை விரட்டிவிடும். முதல் சீசனில் வேண்டாம்.

படி 7: எப்போது, எவ்வளவு

இணைசேரும் காலத்தைத் தீர்மானிப்பது பகல்பொழுதின் நீளம். வடக்கு மாநிலங்களில் அது நவம்பர் நடுப்பகுதியில் உச்சத்தில் இருக்கும்; அலபாமாவின் சில பகுதிகளில் ஜனவரி வரை தள்ளிப்போகும். உச்சத்துக்கு முந்தைய இரண்டு வாரம்தான் அழைப்பானுக்குப் பொற்காலம். ஆண் மான்கள் துணை தேடி அலையும் நாட்கள் அவை. உச்சத்தில் பெண் மானோடு சேர்ந்துவிட்ட ஆண் மான் எந்தக் குரலுக்கும் அசையாது. சீசன் தொடக்கத்தில் மெல்லிய உறுமல் ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம்.

கண்ணில் மான் எதுவும் படாதபோது இரண்டு மூன்று உறுமல், ஒரு பிளீட், அப்புறம் குறைந்தது 20 நிமிடம் மௌனம். சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்தும் மான் வந்து நிற்கும். தூரத்தில் ஒன்று உங்களைத் தாண்டிப் போகிறது என்றால் மெதுவாக ஒருமுறை ஊதி, காதைப் பாருங்கள். காது திரும்பினால் கேட்டுவிட்டது. நின்று பார்க்கிறதா, மீண்டும் ஊதாதீர்கள். உங்கள் பக்கம் நடக்கிறதா, குழலைக் கீழே வைத்துவிடுங்கள். கேட்காமல் போகிறது என்றால் மட்டும் சற்றுச் சத்தமாக இன்னொரு முறை. பிளைண்டின் துணி ஒலியைக் கொஞ்சம் விழுங்கும் என்பதால், குழலின் வாயை ஜன்னலுக்கு வெளியே நீட்டாமல் ஜன்னலை நோக்கித் திருப்பினால் போதும்.

படி 8: மான் எதிரே வந்த பிறகு

உள்ளே கறுப்புச் சட்டை, கறுப்புக் கையுறை, முகத்திரை. தேவையான ஜன்னல்கள் மட்டும் திறந்திருக்கட்டும்; முதுகுக்குப் பின்னால் ஒன்றும் திறந்திருக்கக் கூடாது. மானின் தலை மரத்துக்குப் பின்னால் மறையும்போது நாணை இழுங்கள். நடந்துகொண்டே இருந்தால் வாயாலேயே ‘மே’ என்று மெதுவாகச் சொன்னால் நிற்கும். விடுவதற்கு முன், உங்கள் கண்ணுக்குக் கீழே இருக்கும் அம்போ துப்பாக்கிக் குழல்முனையோ ஜன்னல் விளிம்புக்கு மேலே தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். குறிபார்க்கும் தொலைநோக்கியில் வழி திறந்து தெரியும். ஆனால் அதற்குக் கீழே இருக்கும் அம்போ தோட்டாவோ போய் துணியில் அடிக்கும். மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் விடவே கூடாது.

விட்ட பிறகு உடனே வெளியே ஓடாதீர்கள். மான் நின்ற இடத்தையும், கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தையும் ஜன்னல் வழியாகவே ஃபோனில் படம் எடுங்கள். எழுந்து வெளியே போய் நின்றால் அதே மரங்கள் வேறு மாதிரி தெரியும். அரை மணி நேரம் காத்திருந்து, படத்தைப் பார்த்துக்கொண்டே நேராக அந்த முதல் இடத்துக்கு நடந்து, அங்கிருந்து தடத்தைத் தேடத் தொடங்குங்கள்.